உப்புக் காற்றில் ஒரு மல்லிச் செடி

நேயர்களுக்கு வணக்கம். மாசி முடியப் போகிறது. விடிகாலையில் இன்னும் லேசாகப் பனி இருக்கிறது, பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. எங்கள் மண்டபம், பாம்பன் பக்கத்தில் வசந்தம் என்றால் இந்த ஆறேழு வாரம்தான். சித்திரை பிறந்துவிட்டால் மணல் கொதிக்கும், அப்புறம் இருக்கிற செடியைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும். அதனால் செடி வைக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த மாசி பங்குனியை விட்டுவிடாதீர்கள்.

'உப்புத் தண்ணி, வெறும் மணலு, இங்க என்னத்த வரும்?' என்று நம் ஊரில் சொல்லாத ஆள் இல்லை. சரி, ராமேஸ்வரம் சாலையில் தங்கச்சிமடத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்திருப்பீர்களே, வரிசை வரிசையாக மல்லி நாற்று. மதுரை மல்லி என்று 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, அது விளைகிற தோட்டங்களுக்கு நாற்று நம் கரையிலிருந்துதான் போகிறது. தண்ணீர் தேங்காத மணல் என்பதால் குச்சி அழுகாமல் வேர் பிடிக்கிறது. எதைக் குறை என்கிறோமோ அதில்தான் அந்தப் பிழைப்பே நடக்கிறது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

என் வீட்டு வாசலில் மூன்று மல்லிச் செடி நிற்கிறது. கார்த்திகைக் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கிளையை வெட்டிக் கவாத்து செய்து, இலையையும் உருவிவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் செடி பட்டுப்போய்விட்டது என்றே நினைத்தார்கள். தையில் கணுவுக்குக் கணு செம்பழுப்பாகத் துளிர் வந்தது. இப்போது ஒவ்வொரு கொழுந்தின் நுனியிலும் அரிசி மாதிரி அரும்பு, பச்சையாக, கூராக. கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரியும், நடுவில் ஒன்றும் இரண்டு பக்கத்தில் ஒவ்வொன்றுமாக மூன்று மூன்றாக நிற்கிறது. நடு அரும்புதான் முதலில் பருக்கும். விரிகிற அன்று காலையிலேயே பச்சை போய் வெளுத்துவிடும். பறித்தால் அந்த நேரத்தில் பறிக்க வேண்டும், சாயங்காலம் வரை விட்டால் செடியிலேயே விரிந்து தெருவே மணக்கும். நான் பாதியைப் பறிப்பேன், பாதியை விட்டுவிடுவேன்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன். செடி வைத்த முதல் வருஷம், வெயிலில் வாடுகிறதே என்று போர்த் தண்ணீரைப் பூவாளியில் அள்ளி உச்சிப்பொழுதில் இலை மேலேயே ஊற்றினேன். நாலே நாளில் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டு, ஒரு வரிசைக் கத்தரி நாற்று முழுக்கப் போய்விட்டது. இலையில் விழுந்த தண்ணீர் காய்ந்து போகும், உப்பு மட்டும் தங்கிவிடும். அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. உப்புத் தண்ணீர்தான் கிடைக்கிறது என்றால் சாயங்காலம் தூரில் மட்டும் ஊற்றுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது நல்ல தண்ணீர் கொடுங்கள். குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அரிசி கழுவிய தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் இருக்கிறதே. மீன் கழுவின தண்ணீர் எங்கள் வீட்டில் முருங்கைக்குப் போகிறது, பூனை வந்து மோந்து பார்க்கும், பரவாயில்லை. அந்த முருங்கை இப்போது இலை தெரியாமல் பூத்து நிற்கிறது. காலையில் கீழே வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கிற பூவைப் பேத்திதான் ஓடி ஓடிப் பொறுக்குவாள். பொரியலுக்கு எட்டுகிற கிளையிலிருந்து ஒரு கொத்து உருவிக்கொள்வேன்.

அப்புறம் மூடாக்கு. மணல் சூடேறாமல் இருக்கத் தூரைச் சுற்றிக் காய்ந்த பனை ஓலையையோ தென்னை மட்டையையோ நறுக்கிப் போட்டாலே ஈரம் இரண்டு நாள் கூட நிற்கும். கரையில் ஒதுங்குகிற பாசியையும் போடலாம், நல்ல உரம். ஆனால் நேரே கொண்டுவந்து போட்டுவிடக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன்னால் முற்றத்து மூலையில் குவித்துவிடுங்கள், மழையே அதிலுள்ள உப்பைக் கழுவிக் கொடுத்துவிடும். தை மாதத்தில் புரட்டினால் கருப்பாக, பொலபொலவென்று இருக்கும். அதோடு ஆட்டு எருவும் கொஞ்சம் கண்மாய் வண்டலும் கலந்தால் தொட்டிக்கு வேறு மண் தேட வேண்டாம்.

இடமே இல்லை என்பவர்கள் அடுப்படியில் இருக்கிற முண்டு மிளகாய் வற்றலில் இரண்டைப் பிய்த்து விதையைத் தூவிப் பாருங்கள். நம் மாவட்டத்து மிளகாய், அதற்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பழைய பெயிண்ட் வாளி ஒன்று போதும். முதல் காய் உருண்டையாகத் திரண்டு வரும்போது அதைப் பறிக்க மனசே வராது.

இன்று காலை இங்கே கிளம்பும் முன் எண்ணிப் பார்த்தேன். மூன்று மல்லியிலும் சேர்த்து 11 அரும்பு பருத்திருக்கிறது, அதில் நாலு வெளுத்துவிட்டது. இந்த வருஷத்து முதல் பூ. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வணக்கம்.