ஹப் வாயை மூட வைத்த கதை

வணக்கம் மக்களே. போன வீடியோவின் கீழே வந்த திட்டையெல்லாம் வாசித்துவிட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி, நான் செய்தது முட்டாள்தனம்.

புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். என் சைக்கிளின் பின் சக்கரத்தில் இருப்பது டிடி ஸ்விஸ் கம்பெனியின் 350 ஹப். ஹப் என்றால் சக்கரத்தின் நடுக்குடம். மிதிக்காமல் உருளும்போது வரும் 'கிர்ர்ர்' எனக்குப் பிடிக்காது. அதனால் பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸை உள்ளே அப்பி வைத்தேன். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது! நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். அப்புறம் கோத்தகிரிக் குளிரில், விடியற்காலை ஒரு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால், பெடல் வெறுமனே சுற்றியது. முழங்கால் போய் ஹேண்டில்பாரில் இடித்தது. வீக்கம் இன்னும் வடியவில்லை.

நடந்தது இதுதான். இந்த ஹப்புக்குள் பல் வைத்த இரண்டு வளையங்கள் எதிரெதிரே இருக்கும். ஸ்பிரிங் அவற்றைச் சேர்த்து அழுத்தும். கெட்டி கிரீஸ் குளிரில் இறுகிவிட்டால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது, பல் பல்லோடு சேராது. சத்தம் நின்றது அதனால்தான். பிடிமானமும் கூடவே போய்விட்டது.

அதனால் இந்த வாரம் டிடி ஸ்விஸ்ஸின் சொந்த கிரீஸையே வாங்கினேன். சிவப்பாக இருக்கும். டப்பாவைப் பாருங்கள், இவ்வளவுதான். 20 கிராம்! விலை ஆயிரத்துச் சொச்சம். அதே காசுக்கு ஒரு கிலோ ஊத்துக்குளி நெய் வாங்கியிருக்கலாம். கடைக்காரரிடம் "பாதி தர மாட்டீர்களா அண்ணா" என்றே கேட்டுவிட்டேன். சிரித்தார், தரவில்லை. ஆனால் தீக்குச்சி முனையில் எடுத்துப் பல்லில் மெல்லிசாகத் தடவினால் போதும், வருஷக்கணக்கில் வரும். சரி, மன்னித்துவிட்டேன்.

'எந்த ஹப் வாங்கலாம்' என்று பாதிப் பேர் கேட்கிறீர்கள். பல் கூடினால் மிதித்தவுடன் பிடிக்கும், நியாயம்தான். இண்டஸ்ட்ரி நைன் ஹைட்ரா ஹப்பில் ஒரு சுற்றுக்கு 690 இடத்தில் பிடிக்கும், அதாவது 0.52 டிகிரி திரும்பினாலே போதும். கேட்கவே ஆசையாக இருக்கும். பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள், காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி. ஹோப் ஹப்பும் உழைப்பில் குறை சொல்ல முடியாதது, ஆனால் ஊரையே எழுப்பும். சத்தமே வேண்டாம் என்றால் ஆனிக்ஸ். அதில் பல்லே கிடையாது, ஒரு பக்கம் திரும்பினால் இறுகி மறுபக்கம் நழுவும் சின்ன உலோகத் துண்டுகள்தான். மிதித்தவுடன் பிடிக்கும், பூனை மாதிரிப் போகும். கனம், விலை இரண்டும் தாங்குமென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். எனக்குத் தாங்காது.

என் 350-ல் 36 பல், 10 டிகிரி. 54 பல் வளையம் தனியாகக் கிடைக்கிறது, மாட்டினால் 6.67 டிகிரி. பாறைக்கு நடுவே அரை மிதி மிதித்து ஏறுகிறவர்களுக்கு அது உதவும். எனக்கு 36 போதும். பட்ஜெட் குறைவா? ஷிமானோ டியோரே. குண்டு பேரிங், கோன் ஸ்பேனர் என்கிற மெல்லிய ஸ்பேனர் வைத்து அவ்வப்போது சரிசெய்ய வேண்டும், ஆனால் அடக்கமான பிள்ளை.

அய்யோ, முக்கியமானதை மறந்துவிட்டேன்! ஃப்ரீஹப்பை, அதாவது ஹப்பில் பின் பல்சக்கரங்கள் மாட்டியிருக்கும் பகுதியை, இழுத்துக் கழற்றும்போது கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். நான் விரிக்கவில்லை. ஸ்பிரிங் துள்ளிப் போய் வாஷிங் மெஷினுக்கு அடியில் விழுந்தது. அரை மணி நேரம் துடைப்பத்தால் துழாவினேன். கடைசியில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி உள்ளே விட்டால், 'டிக்'! ஸ்பிரிங், இரண்டு ஹேர்பின், தங்கை போன வருஷம் தொலைத்த பீரோ சாவி, எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தன. வீட்டில் இப்போது என் மரியாதையே தனி.

சரி, சக்கரத்தைச் சுற்றிக் காட்டுகிறேன். மைக்கைக் கிட்டே கொண்டுபோகிறேன், கேளுங்கள்... கேட்டதா? இல்லை இல்லை, அது குக்கர் விசில். இருங்கள், அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்.