"எனக்குக் கட்டுப்படியாகாது" என்று சொல்லத் தெரிந்தவரே நண்பர்

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவரே, எங்கள் அணித் தலைவரே, கைதட்டுவதில் மட்டும் சிக்கனம் காட்டாத அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

செலவுப் பழக்கம் வேறுபடும் நண்பர்களுக்கிடையே நட்பைக் காப்பது, அவர்கள் செலவுக்கு ஈடுகொடுத்துப் போவதா, தன் அளவைச் சொல்லி நிற்பதா? இதுதான் இன்றைக்கு நடுவர் தந்திருக்கும் வழக்கு. அளவைச் சொல்லி நிற்பதே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணியில் இதுவரை பேசிய இருவரும், நாங்கள் ஏதோ கஞ்சத்தனத்துக்கு வக்காலத்து வாங்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டே பேசினார்கள். அந்த வக்காலத்து எங்களிடம் இல்லை. யாருக்காவது வேண்டுமென்றால் வெளியில் வேறு வக்கீலைப் பார்க்கட்டும்.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே பெரிய அம்பாக விட்டார். உடுத்த ஆடை நழுவினால் கை தானாகப் போய்ப் பிடிக்கிறதே, அதுதான் நட்பு. அங்கே கணக்குப் பார்ப்பாயா என்று கேட்டார். அரங்கம் அதிர்ந்தது. நானும்தான் கை தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் கை நழுவுகிற ஆடையைப் பிடிக்கத்தான் போகிறது. "இது போன வருஷத்து டிசைன், வா, புதுசு எடுக்கலாம்" என்று நம்மைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை! நண்பனுக்கு ஒரு துன்பம் வந்தால் கொடுக்க வேண்டுமா என்பது இந்த மன்றத்தில் வழக்கே இல்லை. கொடுக்கத்தான் வேண்டும். நள்ளிரவில் ஒரு போன் வந்து, "அவசரம், ஆஸ்பத்திரியில முன்பணம் கட்டணும்" என்று நண்பன் சொல்லும்போது, எடுத்துக் கொடுக்கப் பணம் யாரிடம் இருக்கும்? எல்லா விருந்துக்கும் எல்லாப் பயணத்துக்கும் ஈடுகொடுத்தவரிடமா? அவரே மாதத் தவணைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்.

வழக்குக்கு வருகிறேன். ஒரு வாட்ஸப் குழு. ஆறு பேர். கூடப் படித்தவர்கள். படிக்கிற காலத்தில் ஆறு பேர் சட்டைப்பையிலும் ஒரே வெறுமை, அதனால் பிரச்சினையே இல்லை. வேலைக்குப் போனபிறகு ஒருவருக்குச் சம்பளம் கிடுகிடுவென்று ஏறிவிட்டது. ஒருவருக்கு வீட்டுக் கடன். ஒருவர் தங்கையைப் படிக்க வைக்கிறார். ஒருவர், பாவம், சொந்தத் தொழில் தொடங்கியிருக்கிறார். இந்த நிலையில் குழுவில் ஒரு செய்தி விழுகிறது: "மச்சி, மூணு நாள் லீவு சேர்ந்தாப்ல வருது. கிளம்புறோம்!" கூடவே நீச்சல் குளத்தோடு ஒரு ரிசார்ட் படம். நாலு பேர் உடனே நெருப்புப் பொம்மை போடுகிறார்கள். ஐந்தாமவர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்குகிறார். நீச்சல் குளத்தைப் பார்க்க அல்ல. கீழே பொடி எழுத்தில் இருக்கிறதே, "ஒரு நபருக்கு, ஒரு இரவுக்கு", அதைப் படிக்க. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைக்கிறார். நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இல்லை.

மறுநாள் போன் வருகிறது. "டேய், என்னடா சத்தத்தையே காணோம்?"

"ஆபீஸ்ல லீவு கிடைக்குமான்னு தெரியல மச்சி."

"உங்க மேனேஜர் எனக்குத் தெரிஞ்சவர்தான். நான் பேசட்டுமா?"

"வேணாம் வேணாம்... அம்மாவுக்கு வேற உடம்பு சரியில்ல."

அம்மா அடுத்த அறையில் தொலைக்காட்சித் தொடரில் மருமகளைத் திட்டிக்கொண்டு திடகாத்திரமாக இருக்கிறார். ஆனால் குழுவில் அவருக்கு "கெட் வெல் சூன்" வந்து குவிகிறது. அடுத்த முறை பாட்டியை இழுக்க வேண்டும். அதற்கடுத்த முறை, ஏற்கெனவே இறந்துபோன தாத்தாவை இன்னொரு தடவை சாகடிக்க வேண்டும். மூன்றாவது பொய்யில் நண்பர்களுக்குப் புரிந்துவிடும். என்ன புரியும்? பணம் இல்லை என்று புரியாது, நடுவர் அவர்களே! "நம்மகூட வர அவனுக்கு இஷ்டமில்ல, ஆள் மாறிட்டான்" என்று புரியும். இங்கே நட்பைக் கெடுத்தது சிக்கனமா? சிக்கனத்தை மூடி மறைக்கச் சொன்ன பொய்யா?

அதே ஆள் அந்தப் படம் வந்த அரை மணி நேரத்தில், "மச்சி, இந்த இடம் எனக்குக் கட்டுப்படியாகாது. ஒரு ராத்திரி மட்டும், கொஞ்சம் சாதாரண இடமா இருந்தா நான் ரெடி" என்று எழுதியிருந்தால்? இன்னும் எதுவும் முன்பதிவு ஆகவில்லை. இடத்தை மாற்றலாம், நாளைக் குறைக்கலாம், அதுவும் முடியாது என்றால் "சரிடா, திரும்பி வந்து உன் வீட்டுல உட்காருவோம்" என்று சொல்லலாம். இதில் நேரம் முக்கியம். எல்லோரும் பணம் கட்டிய பிறகு, பெட்டி கட்டுகிற அன்றைக்கு வந்து "கட்டுப்படியாகாது" என்றால், அவன் பங்கையும் சேர்த்து மற்றவர்கள்தான் சுமக்க வேண்டும். அதை நானே மன்னிக்க மாட்டேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஒருவர் வாய் திறந்து இதைச் சொன்ன மறு நிமிடம், நெருப்புப் பொம்மை போட்ட நாலு பேரில் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்புவார்: "நல்லவேளை சொன்னடா. எனக்கும் அதேதான்." இது என் கற்பனை என்று எதிரணி சொல்லும். ஸ்காட் ரிக், சிந்தியா கிரைடர், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 13,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய செலவுக் குணத்தைக் கேட்டு 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காசை எடுக்கும்போதே மனம் வலிக்கிறவர்கள் ஒரு பக்கம், அந்த வலியே தெரியாமல் அள்ளி விடுகிறவர்கள் இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் கூட்டம் அதிகம்? வலிக்கிற பக்கம்தான். 3-க்கு 2 என்ற அளவில் அதிகம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வலிக்கிறவர், தான் விரும்புவதைவிடக் குறைவாகச் செலவழிக்கிறார். சரி, எதிர்பார்த்ததுதான். அள்ளி விடுகிறவரோ, தானே விரும்புவதைவிட அதிகமாகச் செலவழிக்கிறார்! ஆக, நீங்கள் யாருக்கு ஈடுகொடுத்து ஓடுகிறீர்களோ, அவருக்கே அந்த ஓட்டத்தை நிறுத்தத் தெரியவில்லை. யாராவது ஒருவர் "போதும்டா" என்று சொன்னால் அவருக்கும் நிம்மதி.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அக்கா, "சாப்பிட்ட இடத்தில் அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கணக்கா? ஆறாய்ப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவதுதானே அன்பு?" என்று கேட்டார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அந்த அன்பு மேசையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போமா? பில் ஆறாய்ப் பிரியப் போகிறது என்று தெரிந்தால், நான் கூடுதலாக ஒன்று சொன்னாலும் அதில் என் கையைவிட்டுப் போவது ஆறில் ஒரு பங்குதான். மீதி ஐந்து பங்கு உங்கள் தலையில். எனக்கு லாபமாகத் தெரிகிறது, நான் சொல்லிவிடுகிறேன். எதிரில் இருப்பவர் பார்க்கிறார்: "அவன் சொன்னதுக்கு நான் குடுக்கணும்னா, நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன்." அவரும் சொல்கிறார். ஒருவர் மட்டும் பசிக்கவில்லை என்று கொஞ்சமாகச் சாப்பிட்டு, ஐந்து பேர் விருந்துக்குப் பங்கு கட்டிவிட்டு எழுந்து போகிறார்.

இதை அப்படியே வைத்துச் சோதித்திருக்கிறார்கள். யூரி க்னீசி, எர்னன் ஹரூவி, ஹடாஸ் யாஃபே ஆகியோர் இஸ்ரேலில் ஓர் உணவகத்தில் ஆறு ஆறு பேராக உட்கார வைத்துப் பார்த்து, 2004-இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். சில மேசைகளில் அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் பணம். சில மேசைகளில் மொத்தத்தை ஆறாய்ப் பிரிப்பு. பிரித்துக்கொள்கிற மேசையில், ஆளுக்கான செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிப் போனது. "உங்களுக்கு எது வசதி?" என்று முன்கூட்டியே கேட்டபோது பெரும்பாலோர் சொன்ன பதில், அவரவர் பணம் அவரவருக்கு. அக்கா, ஆறாய்ப் பிரிப்பது அன்பு என்றால், அந்த அன்பு வேண்டும் என்று மேசையில் இருந்தவர்களே கேட்கவில்லையே! யாரும் விரும்பாத ஒன்றை, யார் முதலில் சொல்வது என்ற கூச்சத்தில் எல்லோரும் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். பில்லில் போடுவதை அளக்கக் கூடாதா?

எதிரணி சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மறுக்கப் போவதில்லை. சிக்கனத்தின் பெயரால் நண்பர்களைச் சாகடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பில் வரும் நேரம் பார்த்துக் கை கழுவப் போய், பத்து நிமிடம் கழித்து ஈரக்கையோடு வருகிறவர். போன மாதம் நான்கு பேருக்கு ஆட்டோ பிடித்த கதையை இந்த மாதமும் சொல்கிறவர். நண்பன் ஆசை ஆசையாக ஒரு போன் வாங்கி வந்து காட்டினால், "இதுக்குப் போய் இவ்வளவா? நான் வாங்கியிருந்தா பாதிதான் ஆகியிருக்கும்" என்று அவன் முகத்தைச் சுருங்க வைக்கிறவர். இவரெல்லாம் எங்கள் அணியில் இல்லை. என் கைக்கு அளவு நான் வைக்கலாம், நண்பன் கைக்கு நான் வைக்க முடியாது. அவன் பணம், அவன் உழைப்பு, அவன் ஆசை. வாழ்த்திவிட்டு வர வேண்டியதுதான். "கட்டுப்படியாகாது" என்று சொல்கிற வாய்க்கு, "சூப்பரா இருக்குடா" என்று சொல்லவும் தெரிய வேண்டும்.

சரி, வசதியுள்ள நண்பன் "நான் பார்த்துக்கிறேன், நீ வா" என்றால் போக வேண்டியதுதானே என்று எதிரணித் தலைவர் மடக்கினார். எப்போதாவது போகலாம், தப்பில்லை. ஆனால் அதுவே வழக்கமாகிவிட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எங்கே போவது என்று அவர்தான் முடிவு செய்வார். எப்போது திரும்புவது என்பதும் அவர் கையில். இவர் "எனக்கு அந்த இடம் பிடிக்கல" என்று ஒரு வார்த்தை சொல்ல யோசிப்பார். வாய் விட்டுச் சண்டை போட முடியாத இடத்தில் என்ன நட்பு வேண்டியிருக்கிறது? கொடுப்பவரும் பாவம், மனதில் ஒன்றும் இல்லாமல்தான் கொடுப்பார், ஆனால் ஒருநாள் கோபத்தில் வாய் தவறி "எவ்வளவு செஞ்சிருக்கேன் உனக்கு" என்று வந்துவிடும். வந்ததைத் திரும்ப விழுங்க முடியாது.

ஈடுகொடுக்கிற பாதை கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும்? கனடாவில் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் லாட்டரிப் பரிசு விழுந்தவர்களின் அக்கம்பக்கத்தைப் பார்த்தார்கள். பரிசுத் தொகை பெரிதாக இருக்க இருக்க, திவாலாகிற அண்டை வீட்டாரின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. பரிசு விழுந்தவர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்! திவாலானவர்களிடம் கார், வீடு போன்று நாலு பேர் கண்ணில் படுகிற சொத்துதான் கூடுதலாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கே இந்தக் கதி. தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே நடக்கிற நண்பனைப் பார்த்து ஓடினால் எங்கே போய் நிற்போம்?

நடுவர் கை மணிக்குப் போகிறது, முடித்துவிடுகிறேன். எதிரணியார் மூவரும் இன்றைக்கு ஒரே வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். இறங்கியதும் மூன்று பேரும் போனை எடுத்தார்கள். தலைவர் கணக்குப் போட்டார். அக்கா பாதி வழியில்தான் ஏறினார்களாம். "எனக்குப் பாதிப் பங்குதான் வரும்" என்று சொன்னார்கள், தலைவரும் மறுபேச்சு பேசாமல் "ஆமா, அதுதான் நியாயம்" என்றார். மூவரும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார்கள். அக்கா தன் அளவைச் சொல்லியும் அந்த நட்பு எப்படி உடையாமல் மேடை வரைக்கும் வந்து சேர்ந்தது? அடுத்துப் பேச வருகிற அண்ணன் அதற்கு விளக்கம் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.