சிஇஏ நோர்மல்னா வயித்துல ஒண்ணும் இல்லையா? (ஹட்டன்ல பேசினதோட எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இந்த மழையிலயும் மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கமிருந்தெல்லாம் வந்திருக்கீங்க, அதுனால சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வாறேன். இன்னைக்குப் பேச்சு இரைப்பைக் கேன்சரைப் பத்தியும், அதுக்கு எடுக்கிற டியூமர் மார்க்கர்ங்கிற ரத்தச் சோதனைகளைப் பத்தியும்தான்.

லேப்ல வேலை செய்ற எங்களுக்கு அடிக்கடி வர்ற கேள்வி, "சேர், சிஇஏ நோர்மல்னு போட்டிருக்கு, அப்ப கேன்சர் இல்லதானே?" இன்னொரு பக்கம் நம்பர் லேசா கூடியிருந்தாலே வீட்டுல அழுக ஆரம்பிச்சிருது. ரெண்டுமே தப்புங்க. சிஇஏங்கிறது ஒரு புரதம், 1965ல மொன்ட்ரியல்ல ஃபில் கோல்ட், சாமுவேல் ஃபிரீட்மன்னு ரெண்டு பேர் பெருங்குடல் கட்டியில கண்டுபிடிச்சாங்க, வயித்துல வளர்ற சிசுவோட குடல்லயும் அது இருந்துச்சு. சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு அது சும்மாவே கொஞ்சம் கூடும், ஈரல் நோய் இருந்தாலும் கூடும். அடுத்தது சிஏ 19-9ங்கிற இன்னொரு மார்க்கர், பித்தக்குழாய் அடைச்சுக்கிட்டா கேன்சரே இல்லாம இது ஏறிடும், அதேநேரம் லூயிஸ்னு ஒரு ரத்த வகை இருக்கு, அது இல்லாம பிறந்தவங்க உடம்புல இந்த சிஏ 19-9ஐ செய்யவே முடியாது, கட்டி எவ்வளவு பெருசா இருந்தாலும் ரிப்போர்ட் நோர்மல்னுதான் வரும். இரைப்பைக்கு சிஏ 72-4ங்கிற மார்க்கரும் பாப்பாங்க. எல்லாத்துக்கும் உள்ள பெரிய குறை என்னன்னா ஆரம்ப நிலையில இருக்கிற நிறையப் பேருக்கு இதுல ஒண்ணுமே கூடியிருக்காது. கண்டுபிடிச்சா குணமாக்கலாம்ங்கிற நேரத்துலதான் இது வாயே தொறக்காது!

அப்ப எதுக்கு இந்த டெஸ்ட்? நோய் இருக்குன்னு பயாப்சியில, அதாவது கட்டியில சின்னத் துண்டு எடுத்துப் பாத்து, உறுதியான பிறகு இதுக்கு ஒரு வேலை இருக்கு. ஒப்பரேஷனுக்கு முன்னுக்கே சிஇஏயும் சிஏ 19-9ம் நல்லா கூடியிருக்கிறவங்களுக்கு, சராசரியா பாத்தா, பிற்பாடு நிலைமை அவ்வளவு நல்லா இருக்கிறதில்ல, ஏன்னா நோய் நிணநீர் முடிச்சுக்கோ வயித்துச் சவ்வுக்கோ ஈரலுக்கோ ஏற்கனவே போயிருக்க வாய்ப்பு கூட. ஒப்பரேஷன் முடிஞ்சு இறங்கின நம்பர் திரும்ப ஏறுனா டொக்டர் உடனே ஸ்கேன் எழுதுவாரு.

இனிதான் எனக்குப் பிடிச்ச பகுதி. வெட்டி எடுத்த கட்டியை மெல்லிசா சீவி, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பாக்கும்போது கேன்சர் செல் மட்டும் தெரியாது, நம்ம உடம்போட காவல் செல்களும் தெரியும். அதுல டி செல்னு ஒரு வெள்ளை அணு இருக்கு, அதுலயும் சிடி8ங்கிற வகைதான் கேன்சர் செல்லை நேரா கொல்றது. இது எங்க நிக்குதுங்கிறதுதான் கணக்கு. லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) சண்டைனா கொஞ்சப் பேர் உள்ள போய் விலக்குவாங்க, மத்தவங்க ரோட்டுல நின்னு வேடிக்கை பாப்பாங்கல்ல, அதே மாதிரி சில கட்டியில டி செல் கூட்டமா வந்தும் ஓரத்துலயே நிக்கும், உள்ள போகாது. உள்ள நிறையப் போயிருக்கிற ஆட்கள் பொதுவா கூட நாள் இருக்காங்கன்னு பல நாட்டு ஆய்வுகள்ல தெரிஞ்சிருக்கு. வர்ற எல்லா செல்லும் நம்ம பக்கம்னும் நினைச்சிராதீங்க, டி செல்லை அடக்கி வைக்கிற இன்னொரு வகை டி செல் இருக்கு, ரெகுலேட்டரி டி செல்னு பேரு (இதைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2025 நோபல் பரிசு), கிருமியை விழுங்குற மேக்ரோபேஜ்ங்கிற செல்லுலயும் ஒரு வகை கட்டிக்கே சோறு போட்டு வளர்க்கும்.

2014ல அமெரிக்காவுல 295 இரைப்பைக் கட்டியோட மரபணுவை அலசி நாலு வகையாப் பிரிச்சாங்க. எப்ஸ்டீன் பார் வைரஸ் இருக்கிற வகை ஏறக்குறைய 9 வீதம், மரபணு பிழை திருத்துற வேலை கெட்டுப்போன எம்எஸ்ஐ வகை 22 வீதம். இந்த ரெண்டுலயும்தான் காவல் செல் நல்லா உள்ள போயிருக்கும், காவல் செல்லை அடக்கி வைக்கிற பிரேக்கை எடுத்துவிடுற புது மருந்துகளும் இதுல நல்லா கேக்கும். அந்த பிரேக்கைக் கண்டுபிடிச்ச அலிசன், ஹொஞ்சோ ரெண்டு பேருக்கும் 2018ல நோபல் கிடைச்சுது. பிடி-எல்1ங்கிற சோதனை எதுக்குன்னு கேட்டா அதுக்குத்தான், இந்த மருந்து யாருக்குப் பலன் தரும்னு பாக்க. மருந்து விலை நம்ம நாட் சம்பளத்துக்கு எட்டாதுங்கிறது வேற கதை, அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா இன்னைக்கு வீட்டுக்குப் போக மாட்டோம்.

செலவில்லாத ஒண்ணும் இருக்கு, நம்ம ஆஸ்பத்திரியில எடுக்கிற சாதாரண ஃபுல் பிளட் கவுண்ட். அதுல நியூட்ரோபில், லிம்போசைட்னு ரெண்டு வெள்ளை அணு எண்ணிக்கை இருக்கும், நியூட்ரோபிலை லிம்போசைட்டால வகுத்துப் பாருங்க, அது கூடக்கூட நோயோட போக்கு மோசமா இருக்கும்னு நிறைய ஆய்வு சொல்லுது. ஆனா காய்ச்சல், புண், ஸ்டீரொய்ட் மாத்திரை எதுவா இருந்தாலும் அது கூடும், அதுனால வீட்டுல ஃபோன் கால்குலேட்டர்ல கணக்குப் போட்டுட்டு யாரும் பயந்து சாக வேணாம்.

இவ்வளவு சொன்னாலும் முதல் இடம் இன்னும் ஸ்டேஜுக்குத்தான். கட்டி சுவர்ல எவ்வளவு ஆழம் போயிருக்கு, எத்தனை நிணநீர் முடிச்சுல பரவியிருக்கு, இதுதான் ஸ்டேஜ். குறைஞ்சது 16 முடிச்சாவது எடுத்துப் பாக்கணும்னு விதி இருக்கு, ஒங்க பெதொலஜி ரிப்போர்ட்ல அந்த எண்ணிக்கை இருக்கும், டொக்டர்கிட்ட தாராளமா கேளுங்க.

அக்காமாருக்கு ஒண்ணு. கேஸ்ட்ரைட்டிஸ்னு சொல்லி ஃபார்மசில ஒமெப்ரசோல்ங்கிற அமில மாத்திரை வாங்கி வருசக்கணக்கா முழுங்குறோம், அது வலியை அமுக்கிரும், உள்ள இருக்கிறது வளர்ந்துக்கிட்டே இருக்கும். மெலிஞ்சு போறது, மலம் கறுப்பாப் போறது, சாப்பாடு இறங்காதது, அடிக்கடி வாந்தி, ரத்தம் குறைஞ்சு கொழுந்துக் கூடையைத் தூக்க முடியாத களைப்பு, இதுல எது இருந்தாலும் கேக்க வேண்டியது எண்டோஸ்கோப்பி (வாய் வழியா கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பாக்கிறது), டியூமர் மார்க்கர் இல்ல. ஆயிரக்கணக்குல காசு கட்டி பிரைவேட் லேப்ல மார்க்கர் எடுத்து, நோர்மல்னு நிம்மதியாப் போறதுதான் எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற விஷயம்.

ஏற்கனவே சிகிச்சையில இருக்கிறவங்க மார்க்கரை முடிஞ்ச மட்டும் ஒரே லேப்ல எடுங்க, மெஷின் மாறுனா நம்பரும் மாறும், ஏறுச்சா இறங்குச்சான்னு டொக்டருக்கே குழப்பம் வந்துரும். பழைய ரிப்போர்ட் ஒண்ணையும் வீசாம கிளினிக் கொப்பியோட சேத்துக் கொண்டு போங்க. சரி, டீ வந்துருச்சு போல, கேள்வி இருக்கிறவங்க முன்னுக்கு வாங்க.