கடலில் விழுந்த நூலகங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வரைபடத்தைப் பற்றி வானொலியில் பேச அழைத்தபோது, படத்தைக் காட்டாமல் என்ன பேசுவது என்று கொஞ்சம் திகைத்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதற்குத்தான். ஜி.ஐ.எஸ். என்கிறார்களே, புவியியல் தகவல் அமைப்பு, அதில் படம் கடைசியில்தான் வரும். முதலில் இருப்பது ஒரு பட்டியல்.

பக்கத்தில் மருந்துக்கடை எங்கே என்று கைப்பேசியில் தேடுகிறோம். திரையில் ஒரு குறி வந்து நிற்கிறது. அந்தக் குறிக்குப் பின்னால் பட்டியலின் ஒரு வரி இருக்கிறது. கடையின் பெயர், திறக்கும் நேரம், தொலைபேசி எண், கூடவே இரண்டு எண்கள். ஒன்று அட்சரேகை, மற்றது தீர்க்கரேகை. அந்த இரண்டையும் அழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பதிவேடு. கடை ஒரு புள்ளி. சாலை என்பது புள்ளிகளை வரிசையாகக் கோத்த கோடு. ஏரி என்றால், அந்தக் கோடு சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்துவிடும். செயற்கைக்கோள் படங்கள் வேறு வகை, இன்று அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

இப்படிப் பல பட்டியல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கேள்வி கேட்கலாம். 1960களில் கனடா தன் நிலவளத்தைக் கணக்கெடுத்தது. மண் ஒரு தாளில், காடு ஒரு தாளில், இப்போதைய பயன்பாடு இன்னொரு தாளில். மண் நன்றாக இருந்தும் பயிரிடாமல் கிடக்கும் நிலம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கையால் அளக்க வேண்டும். நாடோ மிகப் பெரியது. அந்த வேலையைக் கணினியிடம் கொடுக்கலாம் என்றார் ரோஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர். ஜி.ஐ.எஸ். பிறந்த கதை அதுதான்.

சரி, இனி என் பிடிவாதத்துக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு!

பல ஆண்டுகளுக்கு முன் பொது நூலகங்களின் பட்டியல் ஒன்று என் கைக்கு வந்தது. கணினியில் ஏற்றினேன். நூலகங்கள் எல்லாம் ஊர் ஊராக அழகாக உட்கார்ந்தன. எண்ணிப் பார்த்தால் சில குறைகின்றன. இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள், தற்செயலாக உலகம் முழுவதும் தெரியும்படி படத்தைச் சுருக்கியபோது, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில், நடுக்கடலில் ஒரு புள்ளி. காணாமல்போன நூலகங்கள் அத்தனையும் அந்த ஒரே புள்ளியில் குவிந்து கிடந்தன.

நடந்தது இதுதான். இடம் தெரியாத நூலகங்களுக்கு யாரோ கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். மென்பொருள் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. அட்சரேகை பூஜ்யம் என்றால் பூமத்திய ரேகை. தீர்க்கரேகை பூஜ்யம் என்றால் கிரீன்விச் வழியாகப் போகும் கோடு. இரண்டும் வெட்டிக்கொள்வது அந்தக் கடலில். இந்தத் துறையில் அதற்கு ‘நல் ஐலண்ட்’ (Null Island), அதாவது வெற்றுத் தீவு, என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே தீவு எதுவும் இல்லை. உலகம் முழுவதிலிருந்தும் இப்படி வழிதவறிய பள்ளிக்கூடங்களும் விபத்துகளும் புகைப்படங்களும் அங்கேதான் போய்ச் சேருகின்றன. ‘தெரியாது’ என்பதும் ஒரு தகவல், நேயர்களே. அதைப் பூஜ்யம் ஆக்கினால் பொய்யாகிவிடும். வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு.

இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதுகிறவர்களும் உண்டு. வடக்கே 10, கிழக்கே 78 என்று இருக்க வேண்டியதை வடக்கே 78, கிழக்கே 10 என்று போட்டுப் பாருங்கள். வெயில் காயும் ஊர் வடதுருவத்துக்குப் பக்கத்துக் கடலில் போய் மிதக்கும்.

பூஜ்யம் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது, நேரம் போனாலும் சொல்லிவிடுகிறேன். 1884இல் வாஷிங்டனில் நாடுகள் கூடி, கிரீன்விச் கோடுதான் பூஜ்யம் என்று தீர்மானித்தன. இன்றும் அங்கே அந்தக் கோட்டின்மேல் காலை இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கையிலிருக்கும் ஜி.பி.எஸ். அந்த இடத்தில் பூஜ்யம் காட்டாது. அதன் பூஜ்யம் கிழக்கே 102 மீட்டர் தள்ளி இருக்கிறது. பழைய கோட்டை நட்சத்திரங்களைப் பார்த்து வகுத்தார்கள். அதற்கு ‘செங்குத்து’ எது என்பதை அந்த இடத்துப் புவியீர்ப்பு சொன்னது, அந்த ஈர்ப்போ கொஞ்சம் சாய்வு. செயற்கைக்கோள் பூமியின் மையத்திலிருந்து கணக்கிடுகிறது. ஆகவே, யாராவது இரண்டு எண்களைக் கொடுத்தால், எந்த அளவை முறையில் எடுத்தது என்றும் கேளுங்கள். இன்று பெரும்பாலும், ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற முறை என்பார்கள். பழைய நிலவரைபடமானால் வேறாக இருக்கும், புள்ளி நூற்றுக்கணக்கான மீட்டர் நகர்ந்துவிடலாம்.

தசமப் புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். ஐந்தாவது தசம இடத்துக்கு வந்தால் ஒரு மீட்டர் சொச்சம். புள்ளிக்குப் பின்னால் பத்து இலக்கம் எழுதித் துல்லியம் என்று காட்டுபவரை நம்பாதீர்கள், அது ஒரு முடியைவிட மெல்லிய அளவு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம் இருக்கிறது. உருண்டையைத் தட்டையாக்கும் கதையை விரிவாகச் சொல்ல எழுதி வைத்திருந்தேன். மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் 1569இல் போட்ட படம் மாலுமிகளுக்குத் திசையைச் சரியாகக் காட்டியது, அதற்கு விலையாகத் துருவத்தை நெருங்க நெருங்கப் பரப்பு ஊதிப்போனது. அந்தப் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. மற்ற வகைப் படங்களைச் சொல்ல இப்போது நேரமில்லை. வணக்கம்.