முத்துப்பிள்ளை: எண் இறங்கும்வரை விடாதீர்கள்

(கிராம சுகாதார செவிலியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

செவிலியர் சகோதரிகள் எல்லாருக்கும் வணக்கம்.

முத்துப்பிள்ளை என்ற பேரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாள் தள்ளிப்போகும். சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு பளிச்சென்று விழும். வாந்தி நிற்கவே நிற்காது. மூன்று மாதத்திலேயே வயிறு ஐந்து மாதம் போலத் தெரிந்தால், "ரெட்டைப் பிள்ளையா இருக்கும்" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் ஒரு நாள் ரத்தம் படும். ஸ்கேனில் குழந்தை இருக்காது, திரை முழுக்கப் பனி கொட்டியது போல இருக்கும். இப்போது முதல் மூன்று மாதத்திலேயே ஸ்கேன் எடுத்துவிடுவதால், இத்தனை அறிகுறியும் வரும் முன்பே பலருக்குத் தெரிந்துவிடுகிறது.

கருப்பையிலிருந்து எடுத்த திசுவைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். வெந்த ஜவ்வரிசியைக் கொத்துக் கொத்தாகக் கோத்த மாதிரி மிதக்கும். நீர் கோத்து வீங்கிய நஞ்சுக்கொடித் திசு அது. பேர் வைத்தவர்கள் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பப்பாளி தின்றாள், குடம் தூக்கினாள் என்று அந்தப் பெண்ணைத் திட்டுவார்கள். நீங்கள் தடுக்க வேண்டும். தாயின் மரபுப் பொருள் இல்லாத வெற்று முட்டையில் விந்தணு சேரும்போது முழு முத்துப்பிள்ளை உண்டாகிறது. ஒரே முட்டையில் இரண்டு விந்தணு சேர்ந்தால் பகுதி முத்துப்பிள்ளை. இது யார் செய்த தப்பும் இல்லை.

உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்வதுதான் வழக்கமான சிகிச்சை. ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடல் எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். எடுத்த திசு பரிசோதனைக்குப் போக வேண்டும். இதெல்லாம் மருத்துவமனை வேலை. உங்கள் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது.

"கிளீனா எடுத்தாச்சுன்னு சொன்னாங்க நர்ஸம்மா, இன்னும் எதுக்கு ரத்தம் எடுக்கணும்?" இந்தக் கேள்வி வராத வீடே இல்லை. பஸ் செலவு இருக்கிறது, கூலி போகிறது, மனசிலும் வலி இருக்கிறது. ஆனால் முழு முத்துப்பிள்ளை வந்த நூறு பேரில் பதினைந்து முதல் இருபது பேருக்குத் திசு உள்ளே தங்கி மறுபடி வளர்கிறது. பகுதி வகையில் சிலருக்குத்தான். அதைக் காட்டிக்கொடுப்பது ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன். இரண்டு கோடு விழ வைக்கும் அதே ஹார்மோன்தான். வாரம் ஒரு முறை அளந்து, அது இயல்புக்கு இறங்கும்வரை பார்க்க வேண்டும். பிறகு சில மாதம் மாதாமாதம். மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றாலோ, இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினாலோ உடனே அனுப்புங்கள்.

இந்த எண்ணை நம்பியதற்காக ஒருவர் வேலையையே இழந்தார். 1956-இல் அமெரிக்காவில் பெதஸ்டா தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் நுரையீரல்வரை பரவிய கோரியோகார்சினோமாவை, அதாவது நஞ்சுக்கொடித் திசுவில் உண்டாகும் புற்றுநோயை, மெத்தோட்ரெக்ஸேட் மருந்தால் கரைத்தார்கள். எக்ஸ்ரேயில் கட்டி மறைந்துவிட்டது. ஆனால் ஹார்மோன் அளவு மிச்சமிருந்தது. லி மருந்தை நிறுத்தவில்லை. எண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறார் என்று அவரை வெளியே அனுப்பினார்கள். முன்கூட்டியே நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது. லியின் நோயாளிகள் பிழைத்தார்கள். 1972-இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது அவரைத் தேடி வந்தது.

மெத்தோட்ரெக்ஸேட்டை உருவாக்கிய லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக் குழுவை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இதைச் சொல்லாமல் என்னால் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது.

இன்றைக்கும் ஆபத்துக் குறைந்த நிலைக்கு அந்த மருந்துதான் முதலில். ஆபத்து மிகுந்தால் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பரவிய பிறகும் பெரும்பாலோர் குணமாகிறார்கள், கருப்பையையும் காப்பாற்ற முடிகிறது. இந்த நிலையில் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதிப்பது கட்டாயமில்லை; ரத்தம் பீறிட்டுவிடும் என்பதால் கட்டியை வெட்டாமல் இருப்பதே நல்லது.

கண்காணிப்பு முடியும்வரை கருத்தடை அவசியம். புதிதாகக் கரு உண்டானாலும் எண் ஏறும், எதனால் ஏறியது என்று பிரிக்க முடியாது. மாத்திரை, ஆணுறை போதும். எண் இயல்பாகும்வரை காப்பர்-டி வேண்டாம்.

இன்னொன்று, இது உங்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது. கோரியோகார்சினோமா முத்துப்பிள்ளைக்குப் பிறகு மட்டும் வருவதில்லை. கருச்சிதைவுக்குப் பிறகும், சுகப்பிரசவத்துக்குப் பிறகும் வரலாம். பிரசவமாகி மாதக்கணக்கில் ரத்தப்போக்கு நிற்காத பெண், காரணமில்லாமல் இருமலில் ரத்தம் வரும் பெண், இவர்களைப் பார்த்தால் உங்கள் பையில் இருக்கும் அந்தச் சிறுநீர்ச் சோதனை அட்டையை எடுங்கள். இரண்டு கோடு விழுந்தால் காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அடுத்த பிள்ளை பிறக்குமா என்று கேட்பார்கள். பிறக்கும் என்று தைரியமாகச் சொல்லுங்கள். மறுபடி முத்துப்பிள்ளை வருவது நூற்றில் ஒருவர், இரண்டு பேருக்குத்தான். அடுத்த முறை நாள் தள்ளியதும் சீக்கிரமே ஒரு ஸ்கேன், பிரசவமாகி ஆறு வாரம் கழித்து ஒரு ஹெச்.சி.ஜி. சோதனை. இரண்டையும் அவருடைய அட்டையில் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.