"நீ மாறிவிடுவாய்": எக்ஸோடஸ் ஊழியமும் 37 வருட வாக்குறுதியும்

(திரையில்: அர்வைன், கலிபோர்னியா. ஜூன் 19, 2013)

அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ ஊழியம் அன்றைக்குத் தன்னையே கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. பெயர் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல். 1976-ல் தொடங்கிய அமைப்பு. 200-க்கும் மேற்பட்ட உள்ளூர் ஊழியங்கள் அதோடு இணைந்திருந்தன. தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் இயேசுவின் வல்லமையால் அதிலிருந்து விடுதலை பெறலாம் என்பதே அவர்கள் ஊர் ஊராகச் சொன்ன செய்தி.

அரசாங்கமோ நீதிமன்றமோ அதை மூடச் சொல்லவில்லை. தலைவர் ஆலன் சேம்பர்ஸும் நிர்வாகக் குழுவும் எடுத்த முடிவு. கூடவே, தங்களால் காயப்பட்டவர்களிடம் சேம்பர்ஸ் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார்.

தன்பாலீர்ப்பு பாவமா, அப்படிப்பட்டவர்களைச் சபை ஏற்கலாமா என்ற பேச்சு வந்தாலே இரண்டு பக்கமும் வசனத்தை எடுத்து வீசத் தொடங்கிவிடுகிறோம். நடுவில் ஒரு மனிதன் என்ன பாடுபட்டான் என்பது காணாமல் போகிறது. அதைத் தெரிந்துகொள்ள எக்ஸோடஸின் கதையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் இதில் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளே இருந்தவர்கள்.

(திரையில்: 1973)

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிய வருடம் இது. அதே வருடம் கலிபோர்னியாவில் ஃபிராங்க் வொர்த்தென் என்பவர் முன்னின்று "லவ் இன் ஆக்‌ஷன்" என்ற ஊழியம் பிறந்தது. மூன்று வருடம் கழித்து அனஹைமில் இப்படிப்பட்ட சிறு ஊழியங்கள் ஒன்றுகூடின. அந்தக் கூட்டத்தில் உருவானதுதான் எக்ஸோடஸ். தொடங்கியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் பஸ்ஸீ.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வாலிபன் தன் போதகரிடம் போய் "எனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு" என்று சொன்னால், பெரும்பாலான சபைகளில் அவனுக்கு இடமிருக்காது. எக்ஸோடஸ் கூட்டத்தில் அதை வாய்விட்டுச் சொல்லலாம். யாரும் வெளியே தள்ளமாட்டார்கள். பலருக்கு முதன்முதலாகக் கிடைத்த ஆறுதல் அது. கொடுமை செய்வதற்காக யாரும் இதைத் தொடங்கவில்லை.

அவர்கள் கைப்பிடித்த வசனம் 1 கொரிந்தியர் 6:11. "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், ஆயினும்... கழுவப்பட்டீர்கள்." முன்பு அப்படி இருந்தேன், இப்போது இல்லை. இதுதான் மேடையில் சொல்லப்பட்ட சாட்சிகளின் அச்சு. கூடவே ஓர் உளவியல் விளக்கமும் சேர்ந்தது: அப்பாவின் அன்பு கிடைக்காத பையன் அதை மற்ற ஆண்களிடம் தேடுகிறான், அந்தக் காயம் ஆறினால் ஈர்ப்பும் போய்விடும். அதனால் ஆண்களுக்கு விளையாட்டுப் பயிற்சி, பெண்களுக்கு ஒப்பனை வகுப்பு என்றுகூட நடத்தினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது சாட்சி வேலை செய்த விதம். மாறிவிட்டேன் என்று சொல்கிறவர் மேடையேறுவார், மைக் பிடிப்பார், கூட்டம் கைதட்டும். மாறாதவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து சத்தமில்லாமல் போய்விடுவார். போனவரை யாரும் எண்ணவில்லை. இருந்து போராடியவரிடம், "உன் விசுவாசம் போதாது, இன்னும் அறிக்கையிடாத பாவம் எங்கேயோ இருக்கிறது, உன் அப்பாவை நீ முழுசாக மன்னிக்கவில்லை" என்று காரணம் சொன்னார்கள். ஜெபம் பலிக்கவில்லை என்றால் பழி ஜெபித்தவன் தலையிலேயே விழுந்தது. இந்த இடம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. வருடக்கணக்காக உபவாசமிருந்து அழுத ஒருவனிடம், உன் அழுகையில் உண்மை இல்லை என்று சொல்வதற்குச் சமம் இது.

(திரையில்: 1979, 1998, 2000)

நிறுவனர் பஸ்ஸீயே 1979-ல் வெளியேறினார். சக ஊழியர் கேரி கூப்பரை அவர் நேசித்தார். 1982-ல் இருவரும் சேர்ந்து வாழ உடன்படிக்கை செய்துகொண்டார்கள். இயக்கம் நிற்கவில்லை, வளர்ந்தது.

1998-ல் ஜான் பால்க், அவர் மனைவி ஆன் இருவர் படமும் நியூஸ்வீக் பத்திரிகையின் அட்டையில் வந்தது. இருவருமே முன்பு தன்பாலீர்ப்பாளர்களாக வாழ்ந்தவர்கள், இப்போது கணவன் மனைவி. இயக்கத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? இரண்டே வருடத்தில், வாஷிங்டனில் ஒரு தன்பாலீர்ப்பாளர் மதுக்கூடத்தில் ஜான் பால்க் இருந்ததைப் படம்பிடித்துவிட்டார்கள். அப்போது அவர் எக்ஸோடஸ் நிர்வாகக் குழுவின் தலைவர். 2013-ல் அவரும் மன்னிப்புக் கேட்டார். தான் மாறவேயில்லை என்றார்.

விஞ்ஞானத்திலிருந்து கிடைத்த ஊன்றுகோலும் முறிந்தது. 1973-ல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கக் காரணமாயிருந்த அதே மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர், 2001-ல் சிலரால் மாற முடிகிறது என்று ஓர் ஆய்வை முன்வைத்தார். 200 பேரிடம் தொலைபேசியில் கேட்டு எழுதியது. அவர்கள் சொன்னதைச் சரிபார்க்க வழியே இல்லை. 2012-ல், முதுமையில், அந்த ஆய்வுக்காக அவர் மன்னிப்புக் கோரினார்.

அதே 2012 ஜனவரியில் சேம்பர்ஸ், தன்பாலீர்ப்புள்ள கிறிஸ்தவர்கள் கூடிய ஒரு மாநாட்டில் உண்மையைச் சொன்னார். தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்றார். தன் ஈர்ப்பும் போகவில்லை என்பதை வருடக்கணக்காகச் சாட்சியில் விட்டுவிட்டதாக 2013 மன்னிப்பில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அவர் ஒன்றை வாபஸ் வாங்கவில்லை. பாலுறவுக்கு வேதம் வகுக்கும் எல்லை பற்றிய தன் நம்பிக்கைக்காக மன்னிப்புக் கேட்க முடியாது என்று அந்த அறிக்கையிலேயே எழுதினார். பலருக்கு இது கோபம். எனக்கோ இதுதான் இந்தக் கதையின் மையம். எது பாவம் என்பதில் சபைகள் இன்னும் பிரிந்தே நிற்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஈர்ப்பு இருப்பதையே பாவச் செயலாக எண்ணுவதில்லை. தன்பாலினப் பாலுறவைப் பாவம் என்கிறது, அந்த மனிதர்களை மரியாதையோடும் கனிவோடும் ஏற்கச் சொல்கிறது. அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் சபையோ, தன்பாலீர்ப்பாளராக வெளிப்படையாக வாழ்ந்த ஜீன் ராபின்சனை 2003-ல் ஆயராக்கியது. புதிய ஏற்பாட்டு அறிஞர் வெஸ்லி ஹில் போன்றவர்கள் தங்கள் ஈர்ப்பை மறைக்காமல், பழைய போதனையை ஏற்று, மணமோ பாலுறவோ இல்லாத வாழ்வைத் தேர்ந்தெடுத்தார்கள். எக்ஸோடஸின் நிலைப்பாடு மாறியதை ஏற்காதவர்கள் 2012-லேயே பிரிந்து, பழைய செய்தியைத் தொடர ரெஸ்டோர்டு ஹோப் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதை வழிநடத்த வந்தவர் ஆன் பால்க்.

இவர்களில் யார் சரி என்று வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் பாவம் என்று போதிப்பது வேறு, "ஜெபித்தால் உன் ஈர்ப்பு மாறியே தீரும்" என்று தேவன் பெயரில் வாக்குக் கொடுப்பது வேறு. பவுலுக்கு மாம்சத்திலே ஒரு முள் இருந்தது. அது என்னவென்று அவர் சொல்லவில்லை. நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. கிடைத்த பதில்: "என் கிருபை உனக்குப்போதும்." அப்போஸ்தலனுக்கே எடுத்துப்போடாத முள் உன் விசுவாசக் குறைவால்தான் இருக்கிறது என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல யாருக்கு அதிகாரம்?

(திரையில்: சென்னை உயர் நீதிமன்றம், ஜூன் 7, 2021)

நம் பக்கத்தில் என்ன நிலை? மதுரையிலிருந்து வந்து சென்னையில் அடைக்கலம் தேடிய இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரின் பாலீர்ப்பை மாற்ற மருத்துவ முயற்சி செய்வதைத் தடை செய்தார். தீர்ப்புக்கு முன் தானே உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டவர் அவர். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்து மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. இந்த அறிவிப்பு மருத்துவர்களுக்கானது. விடுதலை ஜெபம் என்ற பெயரில் பிள்ளையை ஓர் அறையில் உட்காரவைத்து, "போ, பிசாசே" என்று கத்துகிறவர்கள் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் இல்லையே.

ஆகவே போதகர்களிடம் நேராகவே கேட்கிறேன். உங்கள் சபையில் ஒரு தாய் அழுதுகொண்டு வந்து, "ஐயா, என் மகனுக்காக ஜெபியுங்கள், அவன் மாறணும்" என்று சொன்னால், தலையில் கைவைத்து ஜெபிப்பதற்கு முன் அந்த மகனோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேளுங்கள். செத்துப்போகலாம் என்று நினைத்தாயா என்று கேளுங்கள். ஆம் என்றால் அன்றைக்கே ஒரு நல்ல மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அவன் உயிரைக் காக்க. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஆலயத்தில் இடம் இருக்கிறது என்று தாயின் முன்னிலையிலேயே அவனிடம் சொல்லுங்கள்.