சாவியைக் கொடுத்த நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் பழைய அகத்திணை மரபில் பிரிவுக்கென்றே ஒரு திணை உண்டு. பாலை. அதற்குரிய பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். எங்கள் குடும்பத்தின் கோடை வீட்டைக் கைமாற்றிவிட்டதும் அப்படியொரு வேனில் நண்பகலில்தான். இலக்கணம் பார்த்து நாள் குறிக்கவில்லை. வாங்கியவருக்கு அந்த நேரம் தோதுப்பட்டது, அவ்வளவுதான்.

கடலை ஒட்டிய சிறிய வீடு. என் 5 வயதிலிருந்து ஒவ்வொரு விடுமுறையும் அங்கேதான். விற்கும்படி செய்தது உப்புக் காற்று. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு ஒரு குணம்: தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் கூரை உள்ளிருந்தே வெடிக்கும். செப்பனிடும் செலவை யார் ஏற்பது என்று அண்ணனும் தங்கையும் நானும் இரண்டு ஆண்டுகள் பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

அந்த வீட்டில் எனக்கு மிகவும் நெருக்கமானது கடலல்ல, வாசற்கதவு. சாவியைத் திருப்பும்போதே இடது தோளால் கதவைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் திறக்காது. உள்ளே விளக்கின் சுவிட்ச், கட்டியவருக்கு மட்டுமே புரிந்த காரணத்தால், கதவுக்குப் பின்னால் இடுப்பளவு உயரத்தில் இருந்தது. ஓர் ஆண்டு கழித்து இருட்டில் நுழைந்தாலும் என் கை தடவாமல் நேரே அங்கே போகும்.

இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர் நினைவுக்கு வருவார். 1953இல் நடந்த மூளை அறுவை சிகிச்சைக்குப் பின் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியாதவரானார். அவரிடம் ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்து அதன் மேல் கோடிழுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும், இதை முன்பு செய்ததே இல்லை என்பார். ஆனால் கை நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. மனம் மறந்தாலும் கை தனியாகக் கணக்கு வைத்திருக்கும் போலும்.

படங்கள் எடுத்துக்கொண்டோம், 400க்கு மேல் இருக்கும். அவற்றை அதிகம் பார்ப்பதில்லை. கைக்குத் தெரிந்ததைப் படமெடுக்க வழியில்லையே.

ஏக்கத்துக்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தவர் ஜோகன்னஸ் ஹோஃபர், 1688இல், தம் மருத்துவ ஆய்வேட்டில். திரும்புதல், வலி என்ற பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் ஒட்டு அது. ஊரைவிட்டு வந்தவர்களைப் பிடிக்கும் நோய் என்றார்; வீட்டுக்கு அனுப்பிவைத்தால் குணமாகும் என்றார். சொந்த வீட்டில் வசதியாக உட்கார்ந்துகொண்டு கோடை வீட்டுக்கு ஏங்குபவனை அவர் எங்கே அனுப்பியிருப்பாரோ!

கடைசி நாள் காலையில் அம்மா வீட்டைப் பெருக்கினார். வாங்கியவர் இடிக்கப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். "இடிக்கிற வீட்டுக்கு எதற்கம்மா?" என்றாள் தங்கை. அம்மா பதில் சொல்லவில்லை. அறை மூலைகளில் சேர்ந்திருந்த மணலை முறத்தில் அள்ளி, வாசலைத் தாண்டி, கடற்கரை மணலிலேயே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

பூட்டிச் சாவியைக் கொடுத்தோம். வண்டியில் ஏறும்போது புதிய உரிமையாளர் கூப்பிட்டார், கதவு திறக்கவில்லையாம். இறங்கிப் போய்த் தோளை எங்கே கொடுக்கவேண்டும் என்று காட்டினேன். "இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்கள், இப்போது திருப்புங்கள்." முதல் முறை வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை.

மூன்றாம் முறை அவருக்கும் திறந்தது.